பல்பஸ் பௌ: குமிழ் அணியம்

சரக்குக் கப்பல் பாரம் இறக்கிவிட்டு மிதந்து நிற்கும்போது பாருங்கள். முகப்பின் அடியில் உருண்டையாக ஒன்று முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். எங்கோ மோதி வீங்கிப்போனதோ என்று தோன்றும். சரக்கு ஏறியதும் அது நீருக்குள் மறைந்துவிடும். அதன் பெயர்தான் பல்பஸ் பௌ.

பல்பு என்றதும் நமக்கு விளக்குதான் நினைவுக்கு வரும். மூலமான கிரேக்கச் சொல் 'போல்போஸ்', வெங்காயம் போன்ற கிழங்கைக் குறித்தது. விளக்குக்கு அந்தப் பெயர் உருவ ஒற்றுமையால் பிறகு ஒட்டிக்கொண்டதுதான். கப்பலின் முன்பகுதியைக் குறிக்கும் 'பௌ' கொஞ்சம் வம்பு பிடித்த சொல். ஆங்கிலத்தில் அம்பு எய்யும் வில்லுக்கும் இதே எழுத்துகள், உச்சரிப்பு மட்டும் வேறு. ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. வில்லின் வேர் வளைவதைக் குறிப்பது. கப்பலின் பௌ வட ஐரோப்பிய மாலுமிகளின் பேச்சிலிருந்து வந்தது, அதன் வேர்ப்பொருள் தோள். கூட்டத்தில் தோளால் இடித்து வழி எடுப்போமே, அப்படித்தான் கப்பலும் நீரை இடித்துப் போகிறது.

அந்த இடிப்புக்குத்தான் செலவு அதிகம். முகப்பு நீரைத் தள்ளும்போது அலை எழுகிறது, அதை எழுப்பும் ஆற்றல் எஞ்சின் எரிக்கும் எண்ணெயிலிருந்து போகிறது. நீருக்கடியில் இருக்கும் குமிழும் ஓர் அலையை எழுப்பும். முகப்பலையின் முகடு வரும் இடத்தில் குமிழலையின் பள்ளம் விழும்படி அளவெடுத்து வைத்தால், ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பெரிய கப்பல்களில் இதனால் எரிபொருள் 12 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் இதை முன்னெடுத்தார். 1910-ல் பணிக்கு வந்த டெலவேர் போர்க்கப்பலில் குமிழ் இருந்தது. பிறகு ஜப்பானின் தக்காவோ இனூயியின் ஆய்வுகள் அதைச் சரக்குக் கப்பல்களுக்கும் பரவச் செய்தன.

ஆனால் குமிழ் எல்லா வேகத்திலும் உதவாது. குறிப்பிட்ட வேகத்துக்கென்று செய்தது அது, மெதுவாகப் போனால் நீரில் உரசும் பரப்பைக் கூட்டும் சுமையாகிவிடும். 2008-க்குப் பிறகு எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கொள்கலன் கப்பல்கள் வேகத்தைக் குறைத்தபோது இதுதான் நடந்தது. பல கப்பல்களின் மூக்கை வெட்டி எடுத்துவிட்டு வேறு மூக்கு பொருத்தினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குமிழ் வில்' என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். 'குமிழ் முகப்பு' புரியும்தான், ஆனால் வீட்டுக்கும் முகப்பு உண்டு. 'குமிழ் மூக்கு' எனக்குப் பிடித்தது. பழைய கவிதைகளில் குமிழம்பூ பெண்களின் மூக்குக்கு உவமை, அந்த நினைவில் சிரிப்பும் வரும். ஆனாலும் என் தேர்வு 'குமிழ் அணியம்'. படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் சொல்வது தமிழ் மீனவர் வழக்கு. கடலில் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்? இன்னொரு வசதியும் உண்டு. இப்போது சில புதிய கப்பல்கள் குமிழே இல்லாமல், முன்விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி வருகின்றன. அதை 'நேர் அணியம்' என்று சொல்லிவிடலாம்.