ரோலர் போட்ட கோடு ஏன் மறைவதில்லை?

பெயின்ட் அடித்து முடித்த மத்தியானம் சுவர் மழமழவென்றுதான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியே வந்து, பக்கத்துச் சுவரைச் சாய்வாகத் தொட்டதும் குட்டு உடைந்துவிட்டது. மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள், சரியாக ஒரு ரோலர் அகலத்துக்கு ஒன்று. தடவிப் பார்த்தால் குட்டி வரப்பு போல விரலில் இடறின. நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத மேடுகூடச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ரோலரில் பெயின்ட் தீர்ந்துவரும்போது நாம் அதை அழுத்துகிறோம். உள்ளே மிச்சமிருப்பது இரண்டு ஓரங்களிலும் பிதுங்கி வரப்பாகிறது. ஈரம் இருக்கும்வரை பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் விசை) அந்த மேட்டை இழுத்துச் சமமாக்கப் பார்க்கும். பெயின்டின் பாகுநிலை, அதாவது எளிதில் ஓடவிடாத அதன் கெட்டித்தன்மை, அதற்கு முட்டுக்கட்டை போடும். இதற்குள் சுவர் காய்ந்துவிட்டால் மேடு மேடாகவே நின்றுவிடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேட்டின் அகலம் இரண்டு மடங்கானால், அது சமமாக 16 மடங்கு நேரம் பிடிக்கும். 1 மி.மீ. அகலப் புள்ளி ஒரு நொடியில் அடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 1 செ.மீ. அகல வரப்புக்கு 10,000 நொடி, அதாவது ஏறக்குறைய கால் மணி குறைய மூன்று மணி நேரம் வேண்டும். தண்ணீர் கலந்த சுவர் பெயின்டான எமல்ஷன் அவ்வளவு நேரம் ஈரமாக இருக்குமா என்ன? பூச்சின் கனமும் முக்கியம்: அது பாதியானால் நேரம் 8 மடங்கு. ஒரே முக்கலில் முடிந்தவரை இழுத்துத் தேய்ப்பது எவ்வளவு வீண் சிக்கனம் என்று இதிலேயே தெரிகிறது.

இன்னொரு வகைக் கோடும் உண்டு. பாதி காய்ந்த ஓரத்தின்மேல் அடுத்த பட்டையை ஏற்றினால் அங்கே மட்டும் இரண்டு பூச்சு, பளபளப்பும் வேறு. எமல்ஷனில் தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற பொருள்) துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு புதுப் பெயின்டில் உள்ள தண்ணீரால் அதைக் கரைக்க முடியாது. அதனால்தான் பாதி காய்ந்த இடத்தில் ரோலரைத் திரும்ப ஓட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

விழுந்த கோட்டைச் சரிசெய்ய அவசரம் ஆகாது. நன்றாக இறுகட்டும்; ஒரு நாளாவது விடுங்கள். இல்லாவிட்டால் தேய்க்கும்போது ரப்பர் மாதிரி சுருண்டு வரும். அப்புறம் 150-ஆம் நம்பர் உப்புத்தாளால் வரப்பைக் கரைத்து, 220-ஆல் வழவழப்பாக்கி, தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கோடு இருந்த இடத்தில் மட்டும் பெயின்டைத் தொட்டு வைக்காதீர்கள், அந்தத் திட்டுக்கும் ஓர் ஓரம் வந்துவிடும். மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் ஒரே மூச்சில் அடிப்பதுதான் வழி. ரோலரை நிறைய நனைத்து, முந்தைய பட்டையின் ஈர ஓரத்தில் கொஞ்சம் ஏற்றி, கடைசியில் அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு முறை உருட்டிவிட்டால் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டாவது முறை அடித்தபோது, பெயின்ட் சீக்கிரம் காயக்கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். மே மாதம். ஏணியில் நின்ற பெயின்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.