லின்ட்: தமிழில் பிசிறுகாட்டி

நிரலை ஓட்டாமல், அதன் எழுத்தை மட்டும் படித்து, பிழை ஒளிந்திருக்கக்கூடிய வரிகளைச் சுட்டும் கருவிக்கு லின்ட் என்று பெயர். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துய்தான் இச்சொல்லின் பழைய பொருள். ஆளிச்செடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான லினுமோடு இதற்கு உறவு உண்டு. 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களைச் சோதிக்க எழுதிய கருவிக்கு இந்தப் பெயரை இட்டார். இன்று எந்த மொழிக்கான கருவிக்கும் அதுவே பொதுப்பெயர்.

தமிழில் 'பிழை திருத்தி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது, லின்டின் அடிப்படை வேலை காட்டுவது, திருத்துவது அல்ல. பிசிறு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. துணியின் பிசிறு, குரலில் பிசிறு, பிசிறில்லாத வேலை என்றெல்லாம் சொல்கிறோம். எனவே திசைகாட்டி போலப் பிசிறுகாட்டி என்பதே என் தேர்வு.

டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்து ஓட்டும் நிரல்களான ஸ்டோர்டு புரொசீஜர்களுக்குப் பிசிறுகாட்டி மிகவும் தேவை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், அதற்கான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் மொழியில் ஒரு புரொசீஜரை எழுதி, இல்லாத நெடுவரிசை ஒன்றின் பெயரை உள்ளே போட்டுப் பாருங்கள். உருவாக்கும்போது இலக்கணம் மட்டுமே பார்க்கப்படுவதால், சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த வரி ஓடும்போதுதான் பிழை வெளிவரும். அதுவும் ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் இஃப் (நிபந்தனை) கிளைக்குள் இருந்தால்? மார்ச் 31 வரை யாருக்கும் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்கவே பாவெல் ஸ்டெஹூலே எழுதிய பிஎல்பிஜிஎஸ்கியூஎல் செக் என்ற நீட்சி, அதாவது போஸ்ட்கிரெஸோடு கூடுதலாகச் சேர்க்கும் பிசிறுகாட்டி, இருக்கிறது. ஓடாத கிளைகளையும் அது பார்த்துவிடும்.

சரி, பிசிறுகாட்டியையே எப்படிச் சோதிப்பது? தெரிந்தே பிழைகளை விதைக்க வேண்டும்: இல்லாத நெடுவரிசை, பயன்படாத மாறி, மதிப்பைத் திருப்பித் தரவேண்டிய ஃபங்ஷனில் ரிட்டர்ன் விடுபட்ட கிளை. பிஎல்பிஜிஎஸ்கியூஎல் செக் இயல்பாக முதல் பிழையிலேயே நின்றுவிடும். அதன் ஃபேட்டல் எரர்ஸ் அமைப்பை ஃபால்ஸ் (இல்லை) என்று மாற்றினால்தான் மற்றவையும் வரும். அப்புறம் பிழையே இல்லாத ஒன்றையும் கொடுங்கள். அங்கே அது பேசாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

உதாரணமாக, புரொசீஜருக்குள்ளேயே உருவாகும் தற்காலிக அட்டவணையைக் கண்டால், சரியான நிரலிலும் 'அட்டவணை இல்லை' என்று அது புகார் சொல்லும். சோதிக்கும் நேரத்தில் அந்த அட்டவணை இன்னும் உருவாகியிருக்காது. சோதனைக்கு முன் அதே வடிவில் ஒன்றை உருவாக்கி வைத்தால் புகார் நின்றுவிடும்.