கேட்டைத் தாண்டி எவ்வளவு தூரம்?

மூட்டுவலி என்று வருகிறவர், பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழக வருகிறவர், சர்க்கரைக்கு "தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர், யாராக இருந்தாலும் முதல் நாளே ஒரு வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். நடுவில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பேன். அதுதான் உங்கள் வீடு. கேட்டைத் திறந்து வெளியே இறங்கினால் நடந்தே எங்கெல்லாம் போக முடியும்? வரைந்து காட்டுங்கள்.

தக்கலைப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கத் தொடங்கி 18 ஆண்டு ஆகிறது. தாளைக் கொடுத்ததும் பலரும் பேனாவைப் பிடித்தபடி யோசிப்பார்கள். "பக்கத்துல ஒண்ணும் இல்லியே" என்பார்கள். அப்புறம் நானே ஒவ்வொன்றாகக் கேட்பேன். ரேஷன் கடை? பால் சொசைட்டி? கோயில், சர்ச், பள்ளிவாசல்? பலசரக்குக் கடை? துணி தைக்கக் கொடுக்கும் வீடு? குளம்? கால் மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் விளையும் (தோட்ட நிலமும்) வீடுமாகத் தொடர்ந்து போகிற நிலம் இது. இங்கே எல்லாமே பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நடந்து போவது நின்றுபோய்விட்டது.

அப்படி நின்றுபோன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 67 வயது அம்மா, விளவங்கோடு பக்கம். இரண்டு முட்டிலும் தேய்மானம். கணவர் இல்லை, மகன் வளைகுடாவில். பெரிய வீடு, பூட்டிய கேட். மகன் தினமும் போனில் சொல்வது ஒன்றுதான்: "வெளிய எறங்காதீங்க, விழுந்துருவீங்க." நடைப்பயிற்சிக்கு என்று ஒரு ட்ரெட்மில்லும் வாங்கி அனுப்பியிருக்கிறார். அதில் ஏறவே இந்த அம்மாவுக்குப் பயம்.

தினமும் கொஞ்சம் ரோட்டில் நடங்கள் என்று சொன்னபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "சும்மா ரோட்டுல நடந்தா ஆளுவ என்ன நெனப்பாவ மக்களே?"

எத்தனையோ பெண்கள் இதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் காலையில் எழுந்து டீக்கடைக்குப் போகலாம், பத்திரிகை படிக்கலாம், சந்திப்பில் நின்று பேசலாம். யாரும் எங்கே என்று கேட்பதில்லை. வயதான ஒரு பெண் கையில் பை இல்லாமல், போகுமிடம் இல்லாமல் ரோட்டில் நடந்தால் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். நகரத்துப் பூங்காவுக்குப் பொருந்துகிற "அரை மணி நேர வாக்கிங்" இவர்களுக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். சோம்பேறித்தனம் என்று நாங்கள் எழுதிவிடுகிறோம், அது தப்பு. அவர்களுக்கு வேண்டியது போவதற்கு ஓர் இடம், கையில் ஒரு பை.

அந்த அம்மாவின் தாளில் பால் சொசைட்டி இருந்தது. வீட்டிலிருந்து 220 மீட்டர். ஆனால் அவருக்குப் பாக்கெட் பால் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். காய்கறியும் வரும். மருந்து போன் செய்தால் வரும். முன்பு தலையில் கூடை சுமந்து வந்த மீன்காரம்மாவிடம் வாங்கவும் படியிறங்கி வழி வரைக்கும் போவார்களாம், இப்போது சிட் அவுட்டிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு இந்த வசதிகள் பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. நடக்க முடிகிறவருக்கோ, வாசலுக்கு வரும் ஒவ்வொரு பொருளும் வெளியே போக இருந்த ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நான் மருந்துச் சீட்டில் எழுதியது: பாக்கெட் பாலை நிறுத்துங்கள். காலையும் மாலையும் சொசைட்டிக்கு நீங்களே போய் வாங்குங்கள்.

இது போதுமா என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்ளேயே அளக்கலாம்: தரையில் 4 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, வழக்கமான வேகத்தில் நடந்து கடக்க எத்தனை விநாடி என்று பாருங்கள். நல்ல ஆரோக்கியமான ஆள் விநாடிக்கு 1.2 மீட்டர் அளவில் போவார். 0.8 மீட்டருக்குக் கீழே வந்தால் வெளியே தனியாகப் போய்வருவது சிரமமாகிறது என்று எங்கள் துறையில் கொள்வார்கள். இந்த அம்மாவின் வேகம் 0.6. சொசைட்டிக்குப் போய்வர 440 மீட்டர், ஏறக்குறைய 12 நிமிடம். இரண்டு வேளைக்கு 24. வாரத்துக்கு 168 நிமிடம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நடப்பதும் கணக்கில் சேரும். லேசாக மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அதுதான் மிதமான வேகம். முட்டு தேய்ந்தவர் நடந்தால் இன்னும் தேயும் என்ற பயம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. வலிக்குத் தக்க அளவில் நடந்து தொடைத் தசை பலப்பட்டால் முட்டுக்குப் பாரம் குறையும். சும்மா உட்கார்ந்திருந்தால்தான் தசை கரையும்.

ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர்களையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். முப்பது வருடம் விடியும் முன்னே மரம் மரமாகச் சுற்றியவர்கள், வேலையை விட்டதும் திண்ணையோடு இருந்துவிடுகிறார்கள். "நடந்தது போதும்" என்கிறார்கள். அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டே வருடத்தில் நாற்காலியில் கையூன்றி எழும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, தூரம் குறைவுதான், வழி எப்படி? தாளில் இடங்களைக் குறித்த பிறகு வழியையும் வரையச் சொல்வேன். உண்மையான சிக்கல் அதில்தான் வெளிப்படும். மேற்குத் தாலுகாக்களில் வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கின்றன. கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஏழெட்டுப் படி, கைப்பிடி இருக்காது. இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் எழும்பிய ஒடுங்கிய வழியில் பைக் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. ஓடைமேல் போட்ட ஸ்லாப் ஒன்று உடைந்திருக்கும். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, ஆக ஆண்டில் பாதி நாள் படியில் பாசி. தாளில் 220 மீட்டர் என்று இருப்பது அந்த ஒரு ஸ்லாப்பால் போக முடியாத தூரமாகிவிடும். நடைபாதைக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைப் பேராயத்தின் நெறிமுறை. நம் சந்திப்புகளில் அந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று நாளைக்குப் போகும்போது பாருங்கள்.

அதனால் நடையை எழுதிக்கொடுக்கும் முன் வழியைச் செப்பம் செய்யச் சொல்கிறேன். படிக்கு ஒரு பக்கமாவது இரும்புக் குழாய்க் கைப்பிடி. மழைக்கு முன் பாசியைச் சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது. அப்புறம் குடை! நம் ஊரில் பெரியவர்கள் பாதிப்பேர் குடையைத்தான் ஊன்றுகோலாகப் பிடிக்கிறார்கள். குடையின் முனை வழுக்கும், கம்பி வளையும். ரப்பர் அடியுள்ள தடி வாங்குங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரை அதன் உயரம் இருக்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டு வலித்தால் இடது கை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதை மாற்றித்தான் பிடித்திருக்கிறார்கள்.

மேடும் பள்ளமுமான இந்த மாவட்டத்தில் சமதளமாக நடக்க இடம் கேட்டால் சானல்கரையைத்தான் முதலில் சொல்வேன். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. தண்ணீர் மெல்ல ஓட வேண்டுமென்றால் சானலின் சரிவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதன் கரையும் அப்படியே, ஏற்ற இறக்கம் தெரியாமல் போகும். முட்டுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள கரையாகப் பாருங்கள். புதர் மண்டிய இடத்தில் பாம்பு இருக்கும், விளிம்புக்குத் தடுப்பும் இருக்காது. தலைசுற்றல் உள்ளவர்கள் துணையோடுதான் போக வேண்டும்.

பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல்லும் வழியம்பலமும் இருந்ததை வயதானவர்கள் சொல்வார்கள், சில இடங்களில் கல் இன்னும் நிற்கிறது. நடப்பவன் களைப்பான் என்று தெரிந்தவர்கள் போட்ட கல் அது. இப்போது 200 மீட்டரில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. கெண்டைக்கால் வலியால் நின்று நின்று போகிறவருக்கு உட்காருமிடம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. தாளில் அதையும் குறிக்கச் சொல்வேன்: எந்தக் கடையில் நாற்காலி போடுவார்கள், எந்த மதில் உட்காரும் உயரத்தில் இருக்கிறது, பஸ் ஸ்டாப் எங்கே.

நடக்கும் தூரம் என்பதை மீட்டரால் மட்டும் அளக்க முடியாது என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சாதி பார்க்காமல் எல்லாரும் நடக்க வேண்டும் என்பதற்காக 1920களில் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அப்போது இந்தப் பகுதி சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். கூப்பிடு தூரத்துத் தெருவில் கால் வைக்க முடியாமல் ஒரு தலைமுறை இங்கே வாழ்ந்திருக்கிறது. அவர்களுடைய பேத்தி ஒருவர் தன் தாளில் கோயிலை வரைந்து, "எங்க பாட்டி இந்தத் தெருவுக்கே வந்ததில்ல" என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை என்று 2023 நவம்பரில் தொடங்கினார்கள். நடக்கிறவர்களுக்கு நல்லது. 2021இல் வந்த "மக்களைத் தேடி மருத்துவம்" வழியாக வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வருகிறது, வெளியே வர இயலாதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. பிள்ளையின் காலுக்கு ஓர் அளவு வைத்த மாதிரி, பாட்டியின் காலுக்கும் யாராவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சில பேர் நடக்கத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். நடந்தால் நெஞ்சு இறுக்கம் வருகிறவர்கள், எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறவர்கள், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் விட்டுவிடுகிறவர்கள். கடைசியாகச் சொன்னது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர் பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டு நடக்க வேண்டும், இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மதிய வெயிலில் கோயில் கல்தளத்தில் சுற்றிவந்து, சூடே தெரியாமல் கால் பொள்ளிப்போய் வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். காலையில் போங்கள், அல்லது வெயில் தாழ்ந்து போங்கள்.

அந்த அம்மா ஐந்து மாதத்துக்குப் பிறகு மறுபடி 4 மீட்டர் நடந்து காட்டியபோது வேகம் 0.8 ஆகியிருந்தது. தாளைப் புதிதாக வரைந்தோம். சொசைட்டியைத் தாண்டி ரேஷன் கடை சேர்ந்திருந்தது, சர்ச் சேர்ந்திருந்தது, கூடப் படித்த ஒருவரின் வீடு சேர்ந்திருந்தது. மகனும் இப்போது "எங்க வரைக்கும் போனீங்க?" என்று கேட்கிறாராம். ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குப் போகும் கோட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தார். அது தங்கச்சி வீடு. 250 மீட்டர்தான், ஆனால் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டின் அகலம் 7 மீட்டர். 0.8 வேகத்தில் கடக்க 9 விநாடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 9 விநாடியில் 125 மீட்டர் வந்துவிடும். கடக்கும் இடத்திலிருந்து வளைவுக்கு 90 மீட்டர்கூட இல்லை, நானே அடி வைத்து அளந்தேன். காலடி எடுத்துவைக்கும்போது கண்ணில் படாத வண்டி, பாதி ரோட்டில் நிற்கும்போது வந்துவிடும். வேகத்தடையும் வரிக்கோடும் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க, அந்த அம்மா இன்னும் ஆட்டோதான் பிடிக்கிறார்.