விநியோகிக்கப்பட்ட கணினியா, பரவல் கணிமையா?

புரத ஆய்வு பற்றித் தமிழில் எழுதுபவர்களும் காணொளி போடுபவர்களும் 'விநியோகிக்கப்பட்ட கணினி' என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யார் யாருக்கு விநியோகித்தார்கள்? பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

மூலச்சொல் டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங், அதாவது ஒரு பெரிய கணக்கைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்வது. பங்கிட்டுத் தருதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதில் பொதுமக்கள் விரும்பித் தம் கணினியைக் கொடுத்து உதவும் வகை வாலண்டியர் கம்ப்யூட்டிங். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

நடப்பது என்ன என்று பார்த்தால் குழப்பமே வராது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே குழுவினர் 2000 அக்டோபரில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோமை எடுத்துக்கொள்வோம். புரதம் என்னும் அமினோ அமிலச் சங்கிலி எப்படி மடிந்து தன் வடிவத்துக்கு வருகிறது என்று கணினியில் நடத்திப் பார்க்கும் திட்டம் அது. இதில் கணக்கு காலத்தில் எடுத்து வைக்கும் ஓர் எட்டு என்பது சுமார் 2 ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாக வெட்டினால் வரும் ஒரு துண்டுதான் ஃபெம்டோ வினாடி). அந்தக் கணக்கில் ஒரு மில்லி வினாடியைக் கடக்க 50,000 கோடி எட்டு வைக்க வேண்டும். எனவே வேலையைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறார்கள். தன்னார்வலரின் கணினி ஒரு துண்டை இறக்கிக்கொண்டு, கணித்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. கெடுவுக்குள் விடை வராவிட்டால் அதே துண்டு வேறொருவருக்குப் போகும். கணினி அவரவர் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. ஊர் ஊராகப் போவது வேலை மட்டுமே. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் உதவிக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் வேலைத்துண்டுகளுக்கே தட்டுப்பாடு வந்தது. கணினிகள் சும்மா காத்துக்கிடந்தன. கணினியையா அங்கே விநியோகித்தார்கள்?

'விநியோகிக்கப்பட்ட கணினி' என்பதில் இரண்டு பிழைகள் உண்டு. கருவியின் பெயரைச் செயலுக்கு வைத்தது முதல் பிழை. செயலுக்குக் 'கணிமை' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. சிலர் போடும் 'கணிப்பு' ஆகாது. கருத்துக் கணிப்பு, வானிலைக் கணிப்பு என்று அது முன்கூட்டிச் சொல்வதற்குப் போய்விட்டது. இரண்டாவது, 'விநியோகம்'. வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. கோயிலில் பிரசாத விநியோகம் என்றால் கை நீட்டி வாங்குகிறோம். வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. இங்கே திரும்பி வருவதற்காகத்தான் அனுப்பவே செய்கிறார்கள்.

'பகிர்வுக் கணிமை' தமிழாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட்ஸப் செய்தியை ஷேர் செய்வதற்கும் பகிர்வுதான். 'பகிர்மானம்' மின்வாரியத்தின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் ஒருவழிப் பாதை. என் ஓட்டு 'பரவல் கணிமை'க்கு. நோய்ப் பரவல் நினைவுக்கு வராதா என்பார்கள். புள்ளியியல் பாடத்தில் 'இயல்நிலைப் பரவல்' என்று படித்த யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லையே! மக்கள் விரும்பிச் செய்யும் வகைக்குத் 'தன்னார்வக் கணிமை'. 'தொண்டர் கணிமை' என்றால் கூடவே கட்சிக்கொடி வந்துவிடும்.

'புரதத்தை மடிக்கும் கணினிகள்' என்ற தலைப்பையும் பார்த்தேன். கணினி எந்தப் புரதத்தையும் மடிப்பதில்லை, மடிவதைக் கணக்கிடுகிறது. புரதம் தானே மடியும். ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் வடிவத்தைக் குலைத்துவிட்டால் அது மீண்டும் தானாக மடிந்து வேலை செய்வதைக் காட்டித்தான் உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆகவே தன்வினையான 'மடிதல்' சரி. வேட்டிக்கும் புடவைக்கும் உரிய 'மடித்தல்' தவறு. மடிதல் என்றால் சாவு அல்லவா என்று தயங்குபவர்கள், 'போரில் மடிந்தனர்' என்பதையும் 'புரதம் மடிந்தது' என்பதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கட்டும். இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழனுக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு '-ப்பட்ட' ஒரு நோயாகவே ஆகிவிட்டது. பதப்படுத்தப்பட்ட, ஒதுக்கப்பட்ட, விநியோகிக்கப்பட்ட என்று ஆங்கிலப் பெயரெச்சம் எங்கே தென்பட்டாலும் கை தானாக அங்கே போகிறது. தன்னார்வலருக்கு அனுப்பும் வேலைத்துண்டின் ஆங்கிலப் பெயரான வொர்க் யூனிட்டை 'வேலை அலகு' என்பதும் அதே அவசரம். அலகு என்றால் அளவு மாறாதிருக்க வேண்டும். இங்கே ஒரு துண்டு சில மணி நேரத்தில் முடியும், இன்னொன்று நாள் கணக்கில் ஓடும். 'வேலைப்பொதி' என்றால் என்ன குறைந்துவிடும்?