தெரிந்த சொல்தான் ஏமாற்றும்: பழைய ஆங்கில நாவல்களை வாசிப்போர் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் தாம் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கேரல்' குறுநாவலில், நிகழ்காலக் கிறிஸ்துமஸின் ஆவி தன் அங்கியின் மடிப்புக்குள் ஒண்டியிருக்கும் இரண்டு குழந்தைகளைக் கருமியான ஸ்க்ரூஜுக்குக் காட்டும் இடம் அது. கந்தல் உடுத்தி, மெலிந்து, மஞ்சள் பூத்து நிற்கும் அந்தக் குழந்தைகளில் பையனின் பெயர் 'இக்னரன்ஸ்', பெண்ணின் பெயர் 'வாண்ட்'. மாணவி முதல் பெயரை 'அறியாமை' என்றும் இரண்டாவதை 'ஆசை' என்றும் மொழிபெயர்த்திருந்தார். மனிதனின் பேராசையை ஆசிரியர் குழந்தையாக உருவகித்திருக்கிறார் என்று அடிக்குறிப்பும் எழுதியிருந்தார்.

பிழை ஒரே ஒரு சொல்லில்தான். ஆனால் பசியைப் பற்றிய பகுதி அந்த ஒரு சொல்லால் பேராசையைப் பற்றிய பகுதியாகிவிட்டது. 'வாண்ட்' என்றால் விரும்புதல் என்று நாம் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிடுகிறோம். இல்லாமை, குறைபாடு, வறுமை என்னும் பொருள்களில் அச்சொல் அக்காலத்தில் தாராளமாக வழங்கியது என்பதை எந்த வகுப்பும் நமக்குச் சொல்வதில்லை. டிக்கன்ஸ் அதே 1843 செப்டம்பரில், லண்டனின் ஃபீல்டு லேன் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட பள்ளியை நேரில் பார்த்து மனம் கலங்கியவர் என்பதையும் மாணவியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, 'ஆசை'யை அடித்து 'இல்லாமை' என்று எழுதினார். அறியாமை, இல்லாமை என்று பெயர்கள் இரண்டும் கூடப் பிறந்தவை போலவே அமைந்துவிட்டன. அதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றியிருக்காது.

கல்லூரியில் இந்த நாவல்களைப் பாடம் நடத்தியும், தமிழாக்கங்களைச் செம்மைப்படுத்தியும் வருகிற அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். முன்பின் கேட்டிராத சொல் வாசகருக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. அது நம்மை நிறுத்திவிடுகிறது. அகராதியை எடுக்கிறோம், அல்லது தெரியவில்லை என்ற உணர்வோடாவது கடந்து போகிறோம். தெரிந்த சொல்லோ நிறுத்துவதில்லை. இன்றைய பொருளை வைத்துக்கொண்டு நாம் ஐம்பது பக்கம் போய்விட்ட பிறகு, ஏன் இந்தப் பாத்திரம் இப்படி நடந்துகொள்கிறது என்று குழம்புகிறோம். தமிழில் 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்று அறியாதவர் ஆண்டாள் பாசுரத்தைப் படித்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும் ஆகிறது.

ஜேன் ஆஸ்டின் நாவல்களில் இத்தகைய சொற்கள் மிகுதி. அவருடைய நடையில் முரட்டுச் சொற்கள் குறைவு என்பதால் மாணவர்கள் துணிந்து இறங்குகிறார்கள். 1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், எலிசபெத் தன் அக்கா ஜேனின் குணத்தைப் பேசும்போது 'கேண்டிட்' என்ற சொல்லை ஆள்கிறாள். இன்றைய ஆங்கிலத்தில் அது மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்வதைக் குறிக்கும். ஜேனோ யாரைப் பற்றியும் ஒரு குறையும் வாயெடுத்துச் சொல்லாதவள். அப்படியானால் இந்தப் பாராட்டு எப்படிப் பொருந்தும்? அக்காலத்தில் அச்சொல் பிறரை நல்லெண்ணத்தோடு மதிப்பிடும் பண்பைக் குறித்தது. எலிசபெத்தே அதே பேச்சில் விளக்கமும் தருகிறாள்: எல்லோரிடமும் உள்ள நல்லதை எடுத்து, அதை மேலும் நல்லதாக்கி, கெட்டதைப் பேசாமல் விட்டுவிடுவதுதான் அது.

அதே நாவலில் பாதிரியார் காலின்ஸ், தம் புரவலரான சீமாட்டி கேதரினிடம் தாம் கண்ட 'கண்டிசென்ஷன்' பற்றி உருகிப் பேசுகிறார். இன்று அச்சொல் மற்றவரை மட்டமாக எண்ணி மேட்டிமையோடு நடத்துவதைக் குறிக்கிறது. எனவே காலின்ஸ் குறைப்பட்டுக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அன்றைய பொருளில் அது உயர்ந்த நிலையில் உள்ளவர் தம் நிலையை விட்டு இறங்கிவந்து எளியவரோடு பழகுவது. நம் வைணவ உரைகள் இறைவனின் 'சௌலப்யம்' என்று போற்றுகின்ற எளிவரும் இயல்புக்கு அது நெருங்கிவரும். ஒரு சீமாட்டிக்கு அப்படியொரு புகழ்ச்சியை அள்ளிக் கொடுக்கிறார் என்று தெரிந்தால்தான், அந்த மனிதரின் அடிமைப் புத்தியை ஆசிரியர் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார் என்பது விளங்கும்.

1815 இறுதியில் வெளிவந்த 'எம்மா'வில் வரும் ஓர் இடம் இவற்றைவிடச் சிக்கலானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்து முடிந்து வண்டியில் திரும்பும்போது, எல்டன் என்ற இளம் பாதிரியார் எம்மாவிடம் 'வயலண்ட் லவ்' செய்கிறார் என்று வாக்கியம் சொல்கிறது. அக்கால வழக்கில் 'மேக் லவ்' என்பது காதலைச் சொல்லி வேண்டிக்கொள்வது மட்டுமே. 'வயலண்ட்' என்பது அந்த வேண்டுதலின் வேகத்தைக் குறிக்கிறது. இதைப் பாலியல் வன்முறை என்று கருதி எழுதப்பட்ட ஒரு தேர்வு விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். எழுதிய மாணவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் காலத்தோடு இடம்பெயரும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

நோய்களின் பெயர்களில் இந்த மயக்கத்தை ஒரு நாவலாசிரியரே பதிவுசெய்திருக்கிறார். 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில், சிறுமி ஜேனின் பள்ளித் தோழி ஹெலனுக்கு 'கன்சம்ப்ஷன்' என்று சொல்கிறார்கள். பள்ளியெங்கும் டைஃபஸ் காய்ச்சல் பரவியிருக்கும் நேரம் அது. இது டைஃபஸ் அல்ல என்பதால், ஏதோ மென்மையான, காலமும் கவனிப்பும் சரியாக்கிவிடும் நோய் என்று தன் அறியாமையில் நினைத்ததாக ஜேன் சொல்கிறாள். இன்றைய மாணவரும் அச்சொல்லை 'நுகர்வு' என்று மட்டுமே அறிந்திருப்பதால் அதே அறியாமையில்தான் அந்தப் பக்கத்தைக் கடக்கிறார். ஆனால் அன்றைய வாசகருக்கு அந்தச் சொல் மரண ஓலை. உடலைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்க்கும் காசநோய் அது. நம் முன்னோர் அதையே சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் அழைத்தார்கள். சயம் என்றாலும் தேய்வுதான். நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். அதற்கு முன்பே, 1825இல், இந்த நாவலை எழுதிய சார்லட் பிரான்டி தம் மூத்த சகோதரிகள் இருவரை இந்நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். அவர்களில் மரியாவின் சாயலில்தான் ஹெலனைப் படைத்தார். இத்தனையும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

அதே நாவலின் தொடக்கத்தில் ஜேனுக்கு உடல்நலம் கெட்டபோது அழைக்கப்படுபவர் 'அப்பாதிகரி'. பல அகராதிகள் இதற்கு 'மருந்து விற்பவர்' என்று ஒரே வரியில் பொருள் தந்து முடித்துவிடுகின்றன. அந்த வீட்டில் வேலைக்காரர்களுக்கு நோய் வந்தால் அப்பாதிகரி. எசமானிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் வந்தால் 'ஃபிசிஷியன்'. மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்க்கும் முதலாமவர் சமூகப் படிநிலையில் கீழே; பட்டம் பெற்ற இரண்டாமவர் மேலே. ஆதரவற்ற ஜேனுக்கு யார் அழைக்கப்பட்டார் என்பதைக் கவனித்தாலே அவ்வீட்டில் அவளுக்குரிய இடம் எது என்று தெரிந்துவிடும். இரண்டையும் 'மருத்துவர்' என்று மொழிபெயர்த்துவிட்டால் அது தொலைந்துபோகிறது.

பணத்தைப் பொறுத்தவரை தமிழ் வாசகருக்கு ஒரு சலுகை உண்டு. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு 'பை' என்று கணக்குப் பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம். 'காலணா பெறாது' என்று இன்னும் பேசுகிறோம். ஆகவே ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கு நமக்குப் புதிராக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டன் அதைக் கைவிட்டது 1971இல்தான். 21 ஷில்லிங் மதிப்புள்ள 'கினி' மட்டும் சற்று விசித்திரமானது: அந்தப் பொன் நாணயம் 1814க்குப் பிறகு அச்சிடப்படாவிட்டாலும், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் கட்டணத்தைக் கினியில் சொல்வதே மரியாதையாகத் தொடர்ந்தது. ஷில்லிங்குக்குப் பேச்சு வழக்கில் 'பாப்' என்று பெயர். ஸ்க்ரூஜின் எழுத்தரான பாப் கிராட்சிட் வாரத்துக்குப் பதினைந்து 'பாப்' வாங்குகிறார் என்று டிக்கன்ஸ் சொல்லாட்டம் ஆடும்போது, நாம் போட வேண்டிய கணக்கு ஆண்டுக்கு 39 பவுண்டு, வீட்டில் ஆறு குழந்தைகள் என்பதாகும். ஜேன் அயர் ஆசிரியையாகப் போகும் மாளிகையில் அவளுக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு. ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகன் டார்சிக்கோ ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. நாவல்களுக்கிடையே சில பத்தாண்டுகள் வித்தியாசம் உண்டென்றாலும், இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நான் பாடத்தைத் தொடங்குவது வழக்கம்.

சொத்து, திருச்சபை தொடர்பான சொற்களில் 'லிவிங்' என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். காலின்ஸுக்குச் சீமாட்டி கேதரின் அளித்த 'லிவிங்', வீடும் நிலையான வருவாயும் சேர்ந்த பங்குக்குருப் பதவி. அதற்கு ஆளை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. அதை 'வாழ்க்கை' என்று ஒரு தமிழாக்கத்தில் பார்த்துத் திருத்தினேன். எலிசபெத் பிறந்த பென்னட் குடும்பத்தின் நிலத்தைப் பெண் மக்களுக்குப் போகவிடாமல் ஆண் வாரிசு வழியிலேயே கட்டிப்போட்டிருக்கும் 'என்டெயில்' என்பதையும் புரிந்துகொள்ளாவிட்டால், ஐந்து பெண்களைப் பெற்ற அந்தத் தாயின் பதற்றம் வெறும் அசட்டுத்தனமாகவே தெரியும். வண்டிகளின் பெயர்களை, ஃபீட்டன், பரூஷ், கிக், சேஸ் என எதுவானாலும், முதல் வாசிப்பில் 'குதிரை வண்டி' என்று கொண்டு நகர்ந்துவிடலாம். மொழிபெயர்ப்பவர் மட்டும் எது செல்வத்தின் அடையாளம், எது சாதாரணமானது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயருக்கே குறிப்பு தேவைப்படுகிற சில இடங்கள் நமக்கு வீட்டுச் சொத்தாக இருப்பதும் உண்டு. கல்கத்தாவில் 1811இல் பிறந்த தாக்கரே எழுதிய 'வேனிட்டி ஃபேர்' நாவலில் ஜோஸ் செட்லி இந்தியாவில் 'கலெக்டர்'. அந்தப் பதவி என்ன என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காகச் சமைத்த குழம்பின் காரம் தாங்காமல் தவிக்கும் நாயகி பெக்கி, 'சில்லி' என்று பெயர் கேட்டதும் குளிர்ச்சியானது என்று நம்பி மிளகாயையே கடித்துவிடுகிறாள். இத்தகைய சொற்களைத் திரட்டி யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மிளகுத்தண்ணீர், சுருட்டு, கட்டுமரம் ஆகிய நம் சொற்கள் ஆங்கில உடையில் அதில் நிற்பதைக் காணலாம்.

எந்த அகராதியைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. கைப்பேசிச் செயலியும் சிறிய இருமொழி அகராதியும் இன்றைய பொருளையே முதலில் தரும். பெரும்பாலோர் அந்த முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டில் எப்படி ஆளப்பட்டது என்பதை மேற்கோளோடு தருகிறது. கல்லூரி நூலகத்தில் இருந்தால் தயங்காமல் எடுத்துப் பாருங்கள். வெப்ஸ்டரின் 1913ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழாக்கம் செய்பவர்கள், 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியையும் அருகில் வைத்துக்கொள்ளலாம். இந்த நாவல்கள் அச்சான அதே காலத்துத் தமிழ்ச் சொற்கள் அதில் உயிரோடு இருக்கின்றன. ஐயம் வந்தால் பார்ப்பது போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிய சொல் ஒன்று வாக்கியத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டிருந்தால், பொருள் தெரிந்ததாகவே தோன்றினாலும் அதைப் பாருங்கள்.

அகராதியே கைகொடுக்காத சொற்களும் உண்டு. 1860 டிசம்பரில் தொடராக வரத் தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முதல் அத்தியாயத்தில், கல்லறைத் தோட்டத்தில் சிறுவன் பிப்பைப் பிடித்துக்கொள்ளும் கைதி, ஓர் அரமும் 'விட்டில்ஸ்' என்பதும் கொண்டுவரச் சொல்லி மிரட்டுகிறான். அச்சில் அச்சொல் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்குவதால் அகராதியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. லண்டன் எளிய மக்களின் பேச்சில் 'வி'யும் 'டபிள்யூ'வும் இடம் மாறும் என்று தெரிந்தால், அது 'விக்சுவல்ஸ்' என்று எழுதி 'விட்டில்ஸ்' என்று சொல்லப்படும் உணவு என்பது புலப்படும். சதுப்பு நிலமான 'மார்ஷஸ்' அங்கே 'மெஷஸ்' ஆகிறது. அந்தக் குளிரில் நடுங்கும் கைதியைப் பார்த்து, உங்களுக்கு 'ஏகியூ' கண்டிருக்கிறது என்று பிப் சொல்கிறான். கென்ட் சதுப்பு நிலத்து மக்களைப் பிடித்தாட்டிய அந்த நோய்க்கு நம்மிடம் முறைக்காய்ச்சல் என்ற சொல் தயாராக இருக்கிறது. கைதி தப்பிவந்த இடமான 'ஹல்க்ஸ்' என்பவை, கடலோட்டத்துக்கு உதவாமல் போய்ச் சிறைகளாக நிறுத்தப்பட்ட கப்பல்கள். 1857இலேயே அந்த முறை ஒழிந்துவிட்டதால், நாவலின் முதல் வாசகர்களுக்கும் அது நினைவில் மட்டும் இருந்த சொல். பிப்புக்கும் அது விளங்கவில்லை. அவனுடைய அக்காவின் கணவர் ஜோ சத்தமில்லாமல் உதட்டசைத்துச் சொல்ல, பிப் அதைச் 'சல்க்ஸ்', அதாவது சிடுசிடுப்பு, என்று படித்து, தன் அக்காவையா சொல்கிறாய் என்று சைகையால் கேட்கிறான்.

இந்த அத்தியாயங்களை நான் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கைதியின் பேச்சை ஒரு மாணவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்பார்கள். கண்ணுக்குப் பிடிபடாத 'விட்டில்ஸ்' பெரும்பாலும் காதுக்குப் பிடிபட்டுவிடுகிறது. பசித்தவன் ஒருவன் சிறுவனிடம் வேறு என்ன கேட்பான் என்று பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.