"பெருசானா வெட்டிக்கலாம்"னு நெனச்சு பாம் மரம் வைக்காதீங்க

தோட்டம் போட்டுக் கொடுக்குறது, அப்புறம் அதைப் பராமரிக்குறதுன்னு இந்த வேலையிலதான் ரொம்ப வருஷமா இருக்கேன். வாசல்ல வைக்க ராயல் பாம் (தென்னை, பனை குடும்பத்து அழகு மரம்) வாங்கி வந்திருப்பாங்க, தொட்டியில பாத்தா இடுப்பளவுதான் இருக்கும், இது 60 அடி தாண்டி வளரும்ங்கன்னு சொன்னா பெரும்பாலும் வர்ற பதில் ஒன்னுதான்: "அதனால என்னங்க, பெருசானா வெட்டிக்கலாம்." இந்தப் பதிலைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்த வெட்டுல செத்துப்போன மரங்களை அப்புறப்படுத்தவும் என்னையேதான் கூப்பிடுறாங்க.

வேம்பு, புங்கை மாதிரி மரத்தை உச்சியில வெட்டினா பக்கத்துல நாலு கிளை வெடிச்சு வரும். பாம் அப்படி இல்லீங்க. தனித்தண்டா வளர்ற பாம் எதுக்குமே உயிர் இருக்குறது உச்சியில இருக்குற அந்த ஒரே ஒரு குருத்துலதான், அது போச்சுன்னா மரமே போச்சு. இன்னொன்னு, பாம் தண்டுல காயம் பட்டா அது ஆறி மூடவே மூடாது, மத்த மரங்கள்ல பட்டைக்குக் கீழ புதுசா வளர்ந்து காயத்தை மூடுற அடுக்கு இதுல கிடையாது. அதனால ஆணி அடிக்கிறது, முள்ளு வச்ச ஷூ போட்டு ஏறுறது, லைட் மாட்ட ட்ரில் போடுறது எல்லாமே கடைசி வரைக்கும் திறந்தே இருக்குற காயம்.

அந்தக் காயத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். காய வாசனைக்கு வந்து முட்டை போட்டுட்டுப் போயிடும், புழு உள்ளயே தின்னுக்கிட்டு இருக்கும், வெளிய பச்சையா நல்லாத்தான் தெரியும். தண்டுல பழுப்பா ஏதோ கசியுது, மென்னு துப்பின நார் மாதிரி வெளிய வருது, புளிச்ச வாடை அடிக்குதுன்னா அப்பவே ஆள் கூப்பிடுங்க, உச்சி ஒரு பக்கமா சாஞ்ச பிறகு கூப்பிட்டா நான் வந்தும் செய்ய ஒன்னும் இருக்காது. காண்டாமிருக வண்டு வேற கணக்கு, அது குருத்தைக் குடைஞ்சு தின்னும், விரிஞ்ச இலையில கத்திரியால முக்கோணமா வெட்டின மாதிரி தெரியும். அது பெருகுறது மக்குற சாணக் குவியல்லயும் உளுத்துப்போன மரத்தண்டுலயும், அதனால எருக்குழியைப் பாம் பக்கத்துல வச்சுக்காதீங்க.

சரி, இலையை மட்டும் வெட்டலாமான்னா, அதுக்கும் ஒரு அளவு இருக்கு. முழுசா காஞ்ச இலையை எடுங்க, தப்பில்ல. மரத்தைக் கடிகாரமா நெனச்சுக்கங்க, 9 மணிக்கும் 3 மணிக்கும் மேல நிக்கிற எந்த இலையையும் தொடக்கூடாது. நிறைய பேரு "க்ளீனா இருக்கட்டும்"னு உச்சியில துடைப்பம் மாதிரி நாலு இலையை மட்டும் விட்டுட்டு மீதியை வழிச்சு எடுத்துடுறாங்க, அதுல மரம் சாப்பாடு தயாரிக்கிற இடமே போயிடுது. பழைய இலை ஆரஞ்சும் மஞ்சளுமா புள்ளி விழுந்து நுனி கருகுதுன்னா அது பெரும்பாலும் பொட்டாசியம் பத்தாக்குறை, மரம் அந்தப் பழைய இலையில இருந்து சத்தை உறிஞ்சி புதுக் குருத்துக்கு அனுப்பிக்கிட்டு இருக்கு. பாக்க நல்லா இல்லைன்னு அதை வெட்டிட்டா அடுத்த வரிசை இலையில இருந்து உறிஞ்ச ஆரம்பிக்கும், நீங்க வெட்ட வெட்ட மஞ்சள் மேல ஏறிக்கிட்டே போகும். பொட்டாஷும் மெக்னீசியமும் சேர்ந்த, மெதுவா கரையுற உரம் கொடுங்க, ஏற்கனவே மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, புதுசா வர்ற இலைதான் நல்லா வரும், அதனால பொறுமை வேணும். கத்தி, ரம்பத்தை ஒவ்வொரு மரத்துக்கும் கழுவி ப்ளீச்சிங் தண்ணியில ஊற வச்சு எடுக்கணும், கானரி டேட் பாம்ல வர்ற ஃப்யூசேரியம் வாடல் நோய் ரம்பம் வழியாவே அடுத்த மரத்துக்குப் போயிடும், அதுக்கு மருந்தும் கிடையாது.

விசிறி வாழை பத்தியும் சொல்லணும். ட்ராவலர்ஸ் பாம்னு பேரு, ஆனா பாமே கிடையாது, மடகாஸ்கர்ல இருந்து வந்தது, பேர்ட் ஆஃப் பாரடைஸ் பூச்செடியோட குடும்பம். சின்னதுல சுவர் ஓரமா அழகா இருக்கும், வளர்ந்தா விசிறி அகலமே 15 அடிக்கு மேல போகும், பக்கத்து காம்பவுண்டுல இடிக்குதுன்னு ஒரு பக்கத்து இலையை வெட்டிட்டா அந்த விசிறி வடிவமே போயிடும், அதுக்காகத்தானே வாங்குனீங்க. நடும்போதே விசிறி விரியுற திசையைப் பாத்து சுவருக்கு இணையா திருப்பி வைங்க. இலை மட்டைக்கு நடுவுல தண்ணி தேங்கும், கொசு முட்டை போடும், வாரம் ஒருதடவை ஹோஸ் வச்சு வேகமா அடிச்சு வெளியேத்திடுங்க.

வெட்டுறவங்களுக்கும் ஆபத்து இருக்குங்க, இதைத்தான் யாரும் சொல்றதில்ல. அலகேசியா, டைஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா எல்லாம் சேம்புக் குடும்பம், உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கும். தோல்ல பட்டா அரிப்பு, குழந்தை கடிச்சுட்டா வாய் எரிஞ்சு வீங்கும், கண்ணுல பட்டா ரொம்ப மோசம். என்கூட வேலை செய்யுற தம்பி ஒருத்தர் அகேவ் (ஆனைக் கத்தாழை வகை) இலையை மெஷின் ட்ரிம்மர்ல வெட்டி, சாறு தெறிச்சு ரெண்டு கை, கழுத்து முழுக்க கொப்புளமாகி ஒரு வாரம் அவஸ்தைப்பட்டாரு, அன்னைக்கு முழுக்கை சட்டை போடச் சொல்லாதது என் தப்புன்னு இன்னைக்கும் உறுத்துது. அதுக்கப்புறம் அகேவுக்கு மெஷின் எடுக்கவே விடுறதில்ல, கைக்கத்தி, கிளவுஸ், கண்ணாடி, முழுக்கை சட்டைதான். கண்ணுல பட்டா கசக்காம ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. குழந்தை கடிச்சிருந்தா வாயைத் துடைச்சுக் கொப்பளிக்க வைங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, தொண்டை வீங்குற மாதிரி இருந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க.

ஃபைகஸ் வகை, அதாவது ஆல், அரசு இன மரங்கள், மேல எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், ஆனா மேல வெட்டுறதால கீழ வேர் நிக்காது, தரையையும் ட்ரெய்னேஜ் பைப்பையும் தூக்கிடும். வீட்டுக்கு ஒட்டி வேண்டவே வேண்டாம்.

அப்போ சின்ன இடத்துல பெரிய இலைச்செடியே வைக்கக்கூடாதான்னா, தாராளமா வைக்கலாம், வெட்டுனா தாங்குறதைத் தேர்ந்தெடுங்க. அரேகா பாம் கொத்தா வளரும், உயரமான தண்டை அடியோட எடுத்தா சின்னது மேல வரும். ஹெலிகோனியாவுல ஒரு தண்டு ஒருதடவைதான் பூக்கும், பூத்ததை அடியோட வெட்டிடலாம், ஆனா கிழங்கு மண்ணுக்குள்ள பரவும், சுத்தி தடுப்பு வைங்க. கார்டிலைன், ட்ரசீனா உச்சியை வெட்டினா பக்கத்துல துளிர்க்கும்.

ஏற்கனவே தப்பான இடத்துல ராயல் பாம் வச்சுட்டீங்கன்னா, சின்னதா இருக்கும்போதே மழை தொடங்குற நேரத்துல பெரிய வேர்ப்பந்தோட எடுத்து மாத்துங்க. பிஸ்மார்க்கியா பாம்னா வேர் வெட்டுப்பட்டா லேசுல தாங்காது, சில வாரம் முன்னாடியே சுத்தி வேரை வெட்டி, புது வேர் விட்ட பிறகுதான் எடுக்கணும். புது இடத்துல முன்னாடி இருந்த அதே ஆழம்தான், ஆடாம நிக்கட்டும்னு தண்டை ஆழமா புதைச்சா வேருக்குக் காத்து போகாம மரம் வருஷக்கணக்கா நோஞ்சானாவே இருந்து சாகும். முட்டுக்கம்பை தண்டுல ஆணி அடிக்காம சாக்கு சுத்திக் கட்டுங்க. ஒரு குருத்து வந்துட்டதைப் பாத்து வேர் பிடிச்சிருச்சுன்னு தண்ணியைக் குறைச்சுடாதீங்க, அது ஏற்கனவே உள்ள இருந்த சேமிப்புல வந்திருக்கும், அந்தக் குருத்து முழு இலையா விரிஞ்சு அடுத்ததும் ஊசியா நிமிர்ந்து வந்தப்புறம் தண்ணியைக் குறைக்கலாம்.