சொல் விளக்கம்: டிஎம்ஏ மாஸ்க்

கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால் எவருக்கும் இடம் தெரியும். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியின் பழைய மைல் கணக்கு அது. கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் இந்த விலாசத்தைக் கொடுத்தால், 55ஆம் கட்டையைத் தேடி நூறு கட்டை தள்ளிப் போய் நிற்பார். விலாசத்தில் பிழையில்லை, அவருடைய வாசிப்புத்தான் குட்டை. கணினிக்குள் இதே கோளாறு வராமலிருக்க, சாதன இயக்கி (டிரைவர்) எழுதுபவர் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் எண்தான் டிஎம்ஏ மாஸ்க்.

டிஎம்ஏ என்பது நேரடி நினைவக அணுகல். சிபியு ஒவ்வொரு பைட்டையும் கைமாற்றாமல், நெட்வேர்க் காட்டோ சவுண்ட் காட்டோ தானே ரேமில் எழுதும், தானே வாசிக்கும். ஆனால் எந்தச் சாதனமும் குறிப்பிட்ட பிட் அளவு நீளமான முகவரியைத்தான் சொல்ல முடியும். பழைய ஐஎஸ்ஏ வகைக் காட்டுகளின் டிஎம்ஏவுக்கு 24 பிட், அதாவது முதல் 16 எம்பி. அதற்குப் பின் வந்த பிசிஐ வகைச் சாதாரண காட்டுக்கு 32 பிட், 4 ஜிபி. இடையில் விசித்திரமானவையும் உண்டு: ஐஸ்1712 சவுண்ட் சிப்புக்கு 28 பிட்தான், 256 எம்பிக்கு மேல் எட்டாது.

‘மாஸ்க்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்தும், பிரெஞ்சுக்கு இத்தாலிய ‘மாஸ்கெரா’விலிருந்தும் வந்த சொல். பொருள் முகமூடி. கணினியாளர்கள் அதை ஓர் எண்ணின் மேல் போர்த்தும் பிட் வரிசைக்கு வைத்தார்கள்: 1 உள்ள இடம் தெரியும், 0 உள்ள இடம் மறையும். தமிழில் ‘பிட் மறைப்பு’ என்றால் அந்த வேலைக்குப் பொருந்தும்.

டிஎம்ஏ மாஸ்க்கும் பார்வைக்கு அதே உருவம்தான். 24 பிட் மாஸ்க் என்பது 24 ஒன்றுகள், அதாவது 16777215. ஆனால் இங்கே கெர்னல் எதையும் மறைப்பதில்லை. முகவரி இந்த எண்ணைத் தாண்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவே. உண்மையிலேயே மேல் பிட்டுகளை மறைத்தால் அதுதான் 55ஆம் கட்டை! ஆகவே இதை ‘முகமூடி’ என்றோ ‘மறைப்பு’ என்றோ பெயர்ப்பது படிப்பவரை நேரே பிழைக்குள் தள்ளும்.

‘எட்டெல்லை’ என்று சொல்லலாமே எனத் தோன்றும். பிட் கணக்குக்குப் பக்கத்தில் ‘எட்டு’ வந்தால் 8 என்றுதான் கண் வாசிக்கும், வேண்டாம். நந்திக்கடலில் வீசும் வீச்சுவலை எவ்வளவு தூரம் போய் விழும் என்பதும் வீச்சு, பள்ளிக் கணிதத்தில் வருவதும் வீச்சு. ‘முகவரி வீச்சு’ என்பதே சரியான சொல் என்பது எம் கருத்து.

இயக்கி தொடங்கும் கட்டத்தில், சாதனத்தை இயங்கவைத்தபின், நினைவகம் ஒதுக்குமுன் வீச்சை அறிவிக்க வேண்டும். லினக்ஸில் ‘டிஎம்ஏ செட் மாஸ்க் அண்ட் கோஹெரன்ட்’ என்ற அழைப்பு. 0 திரும்பினால் சரி. ஒன்றும் சொல்லாவிட்டால் 32 பிட் என்றே கெர்னல் எடுத்துக்கொள்ளும். கொடுக்கவேண்டியது சாதனத்தின் வீச்சு. கணினியில் எத்தனை ஜிபி ரேம் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. 64 கேட்டுத் தோற்றால் 32 கேட்கும் பழைய எழுத்துமுறை இப்போது வீண், 64 கேட்டால் மறுப்பு வராது.

தரவு வீச்சுக்கு அப்பால் இருந்தால், ஐஓஎம்எம்யு (சாதனங்களுக்கான முகவரி மாற்றி) உள்ள கணினியில் சாதனத்துக்கு எட்டும் மாற்று முகவரி ஒன்று கிடைக்கும். இல்லாவிட்டால் கெர்னல் தரவை வீச்சுக்குள் இருக்கும் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்ற இடைத்தாங்கிக்கு (பஃபர்) நகலெடுக்கும். இயல்பாக அது 64 எம்பி, ஒரு தடவைக்கு 256 கேபி வரை. நிரம்பிவிட்டால் ‘எஸ்டபிள்யூஐஓடிஎல்பி பஃபர் இஸ் ஃபுல்’ என்று பதிவில் விழும்.

மிக மோசமான பிழை சத்தமில்லாதது. டிஎம்ஏ முகவரியை நிரலில் 32 பிட் மாறியில் போட்டால், பதினறும (ஹெக்ஸ்) எண் 1 2345 6000 என்பது 2345 6000 ஆகிவிடும். சாதனம் வேறொருவரின் நினைவகத்தில் எழுதும். ‘என்னிடம் 4 ஜிபிதானே’ என்று இருந்துவிட முடியாது. 4 ஜிபிக்குக் கீழே பிசிஐ சாதனங்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், ரேமின் ஒரு பகுதி எல்லைக்கு மேலே தள்ளப்பட்டிருக்கும். பழைய கணினிக்கு ரேம் கூட்டிய பிறகு கோப்புகள் கெட்டால், கெர்னல் கட்டளை வரியில் ‘மெம்’ அளவை 2ஜி ஆக்கிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் முதல் சந்தேகம் வீச்சின் மேல். ரேம் குச்சியை மாற்றுவது அதற்குப் பிறகு.

சில சாதனங்களுக்கு வீச்சு இரண்டு: தரவுக்கு 64 பிட், சாதனத்துக்கான கட்டளைகள் வரிசையாக நிற்கும் கட்டளை வளையத்துக்கு 32 பிட் மட்டும். அவற்றுக்கு இரண்டையும் தனித்தனி அழைப்பில் அறிவிக்க வேண்டும்.